கத்திப்பாராவில் எண்ணியதும் எண்ணாமல் விட்டதும்

1979ல் எனக்குக் கிடைத்த முதல் வேலை ரோட்டோரத்தில் உட்கார்ந்து வண்டி எண்ணுவது. சொன்னால் சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டபோது என் அப்பா "ரோடு சம்பந்தமா கணக்கு எடுக்கிறான்" என்று சொல்லிச் சமாளித்தார். பொய் இல்லை.

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு புளியமரத்தடி. ஒரு பெஞ்சு, ஒரு அரிக்கேன் விளக்கு, அட்டையில் சொருகிய படிவம், இரண்டு பென்சில். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. ஒரு மணி நேரம் முடிந்ததும் கட்டுகளை எண்ணி எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். ஏழு நாள், இருபத்துநாலு மணி நேரமும், மூன்று ஷிஃப்டாக. வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படி எண்ண வேண்டும் என்பது விதி. ஒன்று அறுவடை முடிந்து மூட்டைகள் சந்தைக்குப் போகிற காலம், மற்றொன்று வயலில் வேலை இல்லாத காலம். இந்த விதியை எழுதியவர் ஊர்ப்பக்கம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

விதிகளை எழுதியது இந்தியச் சாலைக் காங்கிரஸ். பெயரைப் பார்த்துவிட்டு அரசியல் கட்சி என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில், ஜெயகர் கமிட்டியின் சிபாரிசுப்படி 1934ல் தொடங்கப்பட்ட பொறியாளர்கள் சங்கம் அது. ரோடு எத்தனை அடி அகலம், வளைவு எவ்வளவு, பலகையில் எழுத்து எவ்வளவு பெரிது என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தகங்களில் ஒரு பட்டியல் உண்டு. மாட்டு வண்டியையும் லாரியையும் ஒன்று என்று எண்ணினால் கணக்கு ஒத்து வராது அல்லவா? அதனால் எல்லாவற்றையும் காராக மாற்றிவிடுவார்கள். ஒரு கார் என்றால் 1. ஸ்கூட்டர், சைக்கிள் ஒவ்வொன்றும் அரை. பஸ்ஸும் லாரியும் 3. மாட்டு வண்டி 8! முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு யோசித்தால் சரிதான். ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் ஊர்ந்து வரும் என்பது ஜி.எஸ்.டி. ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். எடத்தை அடைப்பதற்குத்தான் அந்த எட்டு, மாட்டுக்குக் கொடுத்த மரியாதை இல்லை.

வண்டியை நிறுத்தி விசாரிக்கிற வேலையும் உண்டு. எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன சரக்கு. நான் கையைக் காட்டியதும் லாரி டிரைவர் கேட்காமலேயே லைசென்ஸை எடுத்து நீட்டுவார். சிலர் அதற்குள் ஐந்து ரூபாய் மடித்து வைத்திருப்பார்கள். "ஐயா, நான் அந்த ஆபீஸ் இல்லை, எங்கே போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று சொன்னால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு வந்த பதிலில்தான் சென்னையின் பாதிக் கதை இருந்தது. திருச்சியிலிருந்து வருகிற லாரி நெல்லூர் போகிறது. பெங்களூர் லாரி துறைமுகம் போகிறது. பலருக்குச் சென்னையில் ஒரு வேலையும் இல்லை. ஊரைத் தாண்டிப் போக வேறு வழி இல்லாததால் ஊருக்குள் வந்தார்கள்.

சென்னையின் பெரிய ரோடுகள் விரித்த கைவிரல்கள் மாதிரி. தெற்கே ஜி.எஸ்.டி. ரோடு, மேற்கே பூந்தமல்லி ரோடு, வடக்கே ஜி.என்.டி. ரோடு. எல்லாம் கோட்டையையும் துறைமுகத்தையும் மனதில் வைத்துப் போட்டவை. ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குப் போக வேண்டுமென்றால் உள்ளங்கை வரைக்கும் வந்துதான் திரும்ப வேண்டும். 1970களில் நகரத்துக்கு முதல் மாஸ்டர் பிளான் போட்டவர்கள், விரல்களைக் குறுக்கே இணைக்கிற வளையச் சாலைகளைத் திட்டத்தில் வைத்தார்கள். அதில் உள் வளையம்தான் நாம் நூறடி ரோடு என்று சொல்லும் ஜவாஹர்லால் நேரு சாலை. நல்ல திட்டம். ஆனால் வளையம் விரலைத் தொடுகிற இடத்தில் என்ன ஆகும்? கிண்டியில் தொட்ட இடம் கத்திப்பாரா. பூந்தமல்லி ரோட்டில் தொட்ட இடம் கோயம்பேடு. திருவள்ளூர் ரோட்டில் தொட்ட இடம் பாடி. நெரிசலைத் தீர்க்கப் போட்ட ரோடே மூன்று புது நெரிசல்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

கத்திப்பாராவில் நான் எண்ணப் போனது 1989ல். அப்போது அங்கே ரவுண்டானாதான், நடுவில் நேரு சிலை. ஜி.எஸ்.டி. ரோடு, மவுண்ட் ரோடு, நூறடி ரோடு, பூந்தமல்லிக்குப் போகிற பட் ரோடு எல்லாம் வந்து சேரும். மீனம்பாக்கத்தில் இறங்கும் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அந்த வழிதான் வர வேண்டும். யாராவது மந்திரி வந்தால் ரவுண்டானாவை அடைத்துவிடுவார்கள். நாங்கள் படிவத்தின் ஓரத்தில் காரணம் எழுதிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

ரவுண்டானாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகத்தின் முதல் தெரு சிக்னலை லண்டனில் பார்லிமெண்ட் அருகே 1868ல் வைத்தார்கள். வைத்தவர் ரயில்வே சிக்னல் பொறியாளர் நைட். கேஸ் விளக்கு. ஒரு மாதம்கூட ஓடவில்லை, 1869 ஜனவரியில் வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குக் காயம். அதற்குப் பிறகு சிக்னலை விட்டுவிட்டு, வண்டிகள் நிற்காமல் ஒரே திசையில் சுற்றிப் போகட்டும் என்ற யோசனை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1900களின் தொடக்கத்தில் வந்தது. உள்ளே சுற்றுகிறவருக்கு வழி விட்டுத்தான் வெளியிலிருந்து நுழைய வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 1966ல்தான் சட்டமாக்கியது. அந்த ஒரு விதிதான் ரவுண்டானாவின் உயிர். நம் ஊரில் அந்த விதி புத்தகத்தில் உண்டு, ரோட்டில் கிடையாது. நம் விதி, யார் வண்டி பெரிதோ அவருக்கு வழி. பல்லவன் பஸ் முதலில், பிறகு லாரி, பிறகு மற்றவர்கள்.

எல்லாக் கிளைகளிலிருந்தும் சேர்த்து மணிக்கு 3,000 வண்டிகள் வரைதான் ரவுண்டானா தாங்கும் என்று சாலைக் காங்கிரஸ் புத்தகம் சொல்லும். அதைத் தாண்டினால் சிக்னல். சிக்னலும் தாங்காமல், கார்க் கணக்கில் மணிக்கு 10,000ஐத் தாண்டினால், ஒன்றை ஒன்று தொடாமல் மேலும் கீழுமாகப் போகிற பாலம் கட்ட யோசிக்கலாம். இன்றைய எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. வருஷத்துக்கு இவ்வளவு கூடும் என்று வைத்து, பதினைந்து இருபது வருஷம் தள்ளிக் கணக்குப் போட வேண்டும். புளியமரத்தடியில் நான் போட்ட கோடுகள் இப்படித்தான் கடைசியில் பாலமாக ஆகும். ஒரு கோடு தவறினால் பெருக்கிப் பெருக்கி அது எங்கேயோ போய் நிற்கும் என்று எங்கள் சூப்பர்வைசர் பயமுறுத்துவார்.

என் அக்கா வீடு அப்போது ஆலந்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம். என் வீடு பட் ரோட்டுப் பக்கம். நடந்தால் கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏதாவது தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு வருவாள். நான் எண்ணிக்கொண்டிருந்த அந்த ஏழு நாளும் எனக்கு மத்தியானச் சாப்பாடு அவள்தான் கொண்டுவந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன் கேரியர். ரவுண்டானா ஓரம் நின்று, ஒரு பஸ் வேகம் குறைக்கிற நேரம் பார்த்து, கையை நீட்டிக்கொண்டே குறுக்கே நடந்துவிடுவாள். அவள் பின்னால் அங்கே காத்திருந்த பத்துப் பேரும் வந்துவிடுவார்கள். எனக்குத்தான் நெஞ்சு படபடக்கும்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, நான் சாப்பிடும்போது படிவத்தை வாங்கிப் பார்த்தாள். கார், ஜீப், பஸ், லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர், சைக்கிள், ரிக்‌ஷா, கைவண்டி, மாட்டு வண்டி என்று கட்டங்கள்.

"இதுல நான் எங்கேடா?"

"நடந்து வர்றவங்களுக்கு இதுல கட்டம் இல்லக்கா."

"மாட்டுக்கு இருக்கு, எனக்கு இல்லையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். கை கழுவிவிட்டு மறுபடி கோடு போட உட்கார்ந்தேன்.

நடப்பவர்களைப் பற்றிப் பொறியாளர்கள் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 1988லேயே அவர்களுக்கென்று தனிப் புத்தகம் வந்துவிட்டது. குறுக்கே கடப்பவர் எத்தனை பேர், வண்டி எத்தனை என்று பெருக்கிப் பார்த்து, எங்கே வரிக்குதிரைக் கோடு போட வேண்டும் என்று சொல்ல அதில் ஒரு சூத்திரமும் உண்டு. ஆனால் அது வேறு புத்தகம், வேறு படிவம், வேறு நாள் எண்ணுகிற எண்ணிக்கை. சந்திப்பு ரவுண்டானாவா, சிக்னலா, பாலமா என்று தீர்மானிக்கிற பட்டியலில் காருக்கு ஒன்று, மாட்டு வண்டிக்கு எட்டு, கால்நடையாக வருகிறவருக்கு எண்ணே இல்லை. நான் பார்த்த வரையில் அந்த இரண்டாவது படிவத்தை யாரும் எங்களிடம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாலம் என்றால் என் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது ஜெமினிதான். இந்தியாவின் முதல் மேம்பாலம் பம்பாய் கெம்ப்ஸ் கார்னரில் 1965ல் வந்தது. நம் ஜெமினி மேம்பாலம் 1973 ஜூலை 1ந்தேதி திறந்தார்கள். 66 லட்ச ரூபாய், 21 மாதத்தில் கட்டி முடித்தது. அண்ணா பெயரை வைத்தார்கள், ஆனால் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோவின் பெயரே ஜனங்கள் வாயில் நிலைத்துவிட்டது. ஸ்டூடியோ போய் எத்தனையோ வருஷம் ஆகியும் கண்டக்டர்கள் இன்றைக்கும் "ஜெமினி இறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். திறந்த வாரம் அப்பா என்னையும் அக்காவையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எங்களை மாதிரி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பாலத்தின் மேலேயே நடந்துகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மவுண்ட் ரோட்டைக் கீழே பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. அக்கா ஐஸ் வாங்கிக் கேட்டாள்.

ஜெமினி ஒரு ரோட்டைத் தூக்கி இன்னொன்றின் மேலே போட்ட நேர்ப் பாலம். கத்திப்பாராவுக்கு அது போதாது. எல்லாத் திசையிலிருந்தும் எல்லாத் திசைக்கும் திரும்புகிறவர்கள் அங்கே. அதற்குத்தான் க்ளோவர் லீஃப் என்ற அமைப்பு. நம் ஊர் ஆரைக்கீரையைப் பறித்து மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, நடுவில் இரண்டு ரோடு குறுக்கே போக, நான்கு மூலையிலும் நான்கு வளையம். வலது பக்கம் திரும்ப வேண்டியவர் வலது பக்கம் திரும்பவே மாட்டார். சந்திப்பைத் தாண்டிப் போய், இடது பக்கம் பிரிந்து, முக்கால் வட்டம் அடித்து, தான் போக வேண்டிய ரோட்டில் வந்து சேருவார். எங்கும் சிக்னல் இல்லை, யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

இந்த அமைப்புக்கு அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் என்ற பொறியாளர் 1916ல் பேடண்ட் வாங்கினார். அந்த நாட்டில் முதலில் கட்டியது 1929ல், நியூ ஜெர்சி வுட்பிரிட்ஜில். எண்பது வருஷம் கழித்து நமக்குக் கத்திப்பாரா. ஆனால் அந்த வுட்பிரிட்ஜ் இலை இன்றைக்கு இல்லை. போக்குவரத்துக்குப் போதவில்லை என்று மாற்றிக் கட்டிவிட்டார்கள். இந்த அமைப்பில் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. ஒரு வளையத்திலிருந்து ரோட்டில் வந்து சேருகிறவரும், அடுத்த வளையத்துக்காக ரோட்டைவிட்டுப் பிரிகிறவரும் அதே சின்ன இடத்தில் ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்ட வேண்டும். வண்டி குறைவாக இருக்கும்வரை அது நடனம், அதிகமானால் தள்ளுமுள்ளு. சாயங்காலம் கத்திப்பாராவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கத்திப்பாராவையும் பாடியையும் கோயம்பேட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. நேரு சிலையை இடம் மாற்றினார்கள். வேலை நடந்த வருஷங்களில் தூசியும் பள்ளமும் தடுப்பு மாற்றமுமாக நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். 2008 அக்டோபரில் முழுவதும் திறந்தார்கள். முதல் வாரம் என் மைத்துனர் அம்பாசிடரில் வடபழனி போகக் கிளம்பி, வளையத்தைத் தவறவிட்டு, மறுபடி சுற்றி, மூன்றாவது தடவை விமான நிலையத்துக்கே போய்விட்டார். மேலே இருந்து எடுத்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. மவுண்ட் ரோட்டிலிருந்து விமான நிலையம் போகிற நேரம் குறைந்தது உண்மை. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாலம் திறந்த பிறகு அக்கா வெள்ளிக்கிழமை வருவது நின்றது. யாரும் தடுக்கவில்லை. முன்பு பஸ் வேகம் குறைக்கிற நேரம் என்று ஒன்று இருந்தது. இப்போது எந்த வண்டியும் வேகம் குறைக்கத் தேவையில்லை. அதற்காகத்தானே கட்டியது? இறங்கு பாதை ஒன்றைக் கடந்தால் ஏறு பாதை ஒன்று. பாலம் வேலை நடக்கும்போதே அவளுக்கு ஐம்பது தாண்டி, முழங்கால் வலியும் வந்துவிட்டது. ஒருநாள் பாதி வழி வந்து, தூணுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, தூக்கோடு திரும்பிப் போயிருக்கிறாள். எனக்கு மறுநாள்தான் தெரியும். ஆட்டோ பிடித்தால் இந்தக் கால் மணி நேர நடைக்கு ஆட்டோக்காரர் சுற்றுகிற சுற்றில் கேட்கிற பணத்துக்குக் கேரியரில் இருக்கிற குழம்பு பெறாது என்பாள். போனில் பேசிக்கொண்டோம். ஒரே பின்கோடு பக்கத்தில் இருந்துகொண்டு அக்காவும் தம்பியும் போனில்.

அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன் என்று யாரும் சொல்லவில்லை, அவள் உள்பட. கோடு போடுகிறவன் பாலம் போடுகிறவன் இல்லை. ஆனால் ரிட்டையர் ஆன பிறகு மனசு பழைய படிவங்களை எடுத்துப் பார்க்கிறது. அந்த ஏழு நாளில் அவள் பதினான்கு தடவை அந்த ரோட்டைக் கடந்தாள். என் கையில் பென்சில் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சந்திப்பில் எவ்வளவு கூட்டம் வரும் என்பது அந்தச் சந்திப்பில் தீர்மானம் ஆவதில்லை. பிராட்வேயில் வெளியூர் பஸ்கள் நின்றவரைக்கும் தெற்கத்திப் பஸ் எல்லாம் மவுண்ட் ரோடு வழியாக ஊருக்குள் போகும். 1996ல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது, 2002ல் பஸ் நிலையமும் அங்கே போனது. உடனே பஸ்களும் காய்கறி லாரிகளும் கத்திப்பாராவில் நூறடி ரோட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தன. நாங்கள் 1989ல் எண்ணியபோது அந்தத் திருப்பத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்? பிறகு தாம்பரத்திலிருந்து மதுரவாயல் பைபாஸ் வந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டது. 2023 டிசம்பர் கடைசியில் வெளியூர் பஸ் நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது. பண்டிகைக் காலத்தில் கத்திப்பாராவில் நின்ற கூட்டம் இப்போது வண்டலூரில் நிற்கிறது. பாலம் கட்டுகிறவர் ஓர் ஆபீஸ், பஸ் நிலையத்தை நகர்த்துகிறவர் இன்னோர் ஆபீஸ். ஒருவர் இருபது வருஷத்துக்குப் போட்ட கணக்கை இன்னொருவர் ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம்.

2015 ஜூனில் ஆலந்தூருக்கு மெட்ரோ வந்தது. 2021 டிசம்பரில் மேம்பாலத்துக்குக் கீழே இருந்த காலி இடத்தைப் பூங்கா மாதிரி ஆக்கி, பஸ் நிற்க இடம், கடைகள், பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் வைத்துத் திறந்தார்கள். மெட்ரோவிலிருந்து நடந்தே வரலாம். வளையத்துக்குள் மனிதர்கள் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

போன மாதம் அக்காவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். எழுபதைத் தாண்டிவிட்டாள், கையில் தடி. பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். தலைக்கு மேலே வண்டிகள் உறுமிக்கொண்டே இருந்தன. எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கி மெட்ரோ பக்கம் நடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், என்னை அறியாமலே சுண்டல் பொட்டலக் காகிதத்தில் பேனாவால் கோடு போட ஆரம்பித்துவிட்டேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. இரண்டு கட்டு ஆனதும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னைச் சேர்த்தியா?"

"நீ உட்கார்ந்திருக்கக்கா. நடந்தாத்தான் கோடு."

தடியை ஊன்றி எழுந்தாள். குப்பைத்தொட்டி வரைக்கும் நடந்து போய், இலையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். போக ஒன்று, வர ஒன்று.